உடனிருந்தவர்

ஹெப்ரானுக்குப் பொய் சொல்ல வராது என்று ஊரே சொல்லும். ஊருக்கு என்ன தெரியும்? மனுசன் மூன்று வருசமாக ஒரு பொய்யை வைத்துக்கொண்டுதான் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். அதுவும் யாரிடம் சொன்ன பொய்? கூடப் பிறந்தவள்கூட அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டாள் என்கிற பாக்கியவதியிடம்.

ஏரலுக்கு மேற்கே, ஆற்றங்கரையில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற சின்னச் சபை அது. நூற்றிருபது குடும்பம் தேறும். ஹெப்ரான் அங்கே கோயில்குட்டி. மணியடிப்பது, பெருக்குவது, பாய் விரிப்பது, கல்லறைத் தோட்டத்துச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு அலைவது, யாராவது கண்ணை மூடினால் குழி தோண்ட ஆள் பிடிப்பது எல்லாம் அவர் பாடு. ஐம்பத்தெட்டு வயசாகி, தலை நரைத்து, முன்பல் இரண்டு போன பிறகும் ஆளுக்குப் பேர் என்னவோ கோயில்குட்டிதான். பெண்டாட்டி போய்ப் பத்து வருசமாகிறது. பிள்ளை குட்டி கிடையாது.

மார்கழியில் வந்த வெள்ளம் அந்த ஊரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தது. வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வாழை மொத்தமும் சாய்ந்தது. கல்லறைத் தோட்டத்துக் கீழ்ச்சுவர் விழுந்து, ஆற்று வண்டல் முழங்கால் உயரத்துக்கு உள்ளே ஏறிவிட்டது. சிமெண்டுக் கல்லறைகள் தப்பின. மண்மேடுகள் பாதி கரைந்தன. மரச்சிலுவைகள் எத்தனையோ கடலைப் பார்த்துப் போய்விட்டன. தை மாசம் முழுக்க ஹெப்ரான் மம்பட்டியும் கூடையுமாக வண்டல் அள்ளினார். ஈஸ்டருக்குள் சுவரை எழுப்பிச் சுண்ணாம்பு அடித்துவிட வேண்டும் என்று சபைக் கமிட்டி சொல்லியிருந்தது.

பாடுகளின் வாரம், செவ்வாய்க்கிழமை. அவர் சுவரோரமாக நின்று மட்டையைச் சுண்ணாம்பில் முக்கிக்கொண்டிருந்தபோது பாக்கியவதியும், மகள் டெபோராவும், இசக்கிக் கொத்தனாரும் உள்ளே வந்தார்கள். கொத்தனார் கையில் அளவு நாடா இருந்தது.

"மாமா, வாளியக் கீழ வச்சிட்டு இங்க வாங்க," என்று கூப்பிட்டாள் டெபோரா. பாளையங்கோட்டையில் டீச்சர். எது சொன்னாலும் கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்கும். "அப்பாவுக்குக் கல்லற கட்டப் போறோம். இன்னொரு வெள்ளம் வந்தா இந்த மேடும் காணாமப் போயிரும். அம்மா வந்து யாருகிட்டப் பேசுவா?"

"ஏட்டி, சும்மா இரு," என்றாள் பாக்கியவதி. ஆனால் சிரித்தாள்.

அது ஊருக்கே தெரிந்த சங்கதி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாக்கியவதி நேரே புருசன் மேட்டுக்குப் போய் முந்தியைச் சுருட்டிக்கொண்டு உட்காருவாள். முழங்கால் வலி, டெபோரா மாமியாரின் வாய், வெள்ளத்தில் போன ஆடு, கொழுந்தன் வேலியை நகட்டிப் போட்ட அநியாயம் என்று ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். சாவியோடு வாசலில் காத்து நிற்கிற ஹெப்ரானுக்கு அந்த அரைமணி நேரம் முள்ளில் நிற்கிற மாதிரி இருக்கும்.

இசக்கி நாடாவை விரித்தான். "தல எந்தப் பக்கம் அண்ணாச்சி?"

"மேக்க," என்றார் ஹெப்ரான். "எல்லாருக்கும் மேக்கதான்."

"ஆளு ஒசரமோ?"

"ஆறடி," என்றாள் பாக்கியவதி. "நம்ம வீட்டு நடைல குனிஞ்சுதான் வருவாவ. ஒரு நா குனியாம வந்து நெத்தி பொடைச்சி, நான் சிரிச்சேன்னு ரெண்டு நா பேசல."

"பக்கத்துல ஒரு மேடு கெடக்கே, சிலுவையக் கூடக் காணும். அஸ்திவாரம் தோண்டுனா அதுல படுமே. அது யாரு?"

"பஸ் ஸ்டாண்டுல குட ரிப்பேர் பாத்தாரே, அந்தக் குடைக்காரரு," என்றார் ஹெப்ரான். "சிலுவ வெள்ளத்துல போயிட்டு."

"கேக்க ஆளில்லாதவரு, பாவம்," என்றாள் டெபோரா. "ஒரு முழம் இங்கிட்டுத் தள்ளிப் போட்டுக்கிடுங்க. சனிக்கெழம காங்கிரீட்டு முடிஞ்சிருமா?"

"சனிக்கெழம மத்தியானத்துக்குள்ள போட்டுத் தந்துருதேன். அதுக்கப்புறம் எந்த வெள்ளம் வந்தாலும் அசையாது."

அசையாது என்று அவன் சொன்னது ஹெப்ரான் காதிலேயே நின்றது. மண்மேடு என்றால் எப்போதாவது திருத்திக்கொள்ளலாம் என்று மனசின் ஒரு மூலையில் ஒரு சமாதானம் வைத்திருந்தார். சிமெண்டைப் போட்டுப் பேரையும் வெட்டிவிட்டால் பொய் கல்லாகிப் போகும்.

நடந்தது இதுதான். கொரோனா இரண்டாம் தடவை வந்த வைகாசியில் பாக்கியவதியின் புருசன் அருமைநாயகம் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். வெற்றிலை வியாபாரி. ஹெப்ரானோடு ஒரே பெஞ்சில் படித்தவர். பாடல் குழுவில் அவர் கீழ்க்குரல் எடுத்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். கமிட்டியில் சண்டை போட்டு ஹெப்ரானுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அவர் போன அன்று பாக்கியவதி காய்ச்சலோடு வீட்டில் கிடந்தாள். தெருவைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். டெபோராவும் பாளையங்கோட்டையில் அடைபட்டுக் கிடந்தாள். சபைப் போதகர் ஐயரும் ஆஸ்பத்திரியில் இருந்தார். மூச்சு வாங்க வாங்கப் போன் செய்து, "ஹெப்ரான், தூரத்துல நின்னாவது ஜெபத்த வாசிச்சிரும். நம்ம ஆளு ஒருத்தராவது நிக்கணும்," என்றார்.

ஹெப்ரான் வாசலைத் திறந்து வைத்தார். ஐயம்பெருமாள் ஜேசிபியில் வந்து இரண்டு குழி தோண்டிவிட்டுப் போனான். குடைக்காரரும் அன்றைக்கே போயிருந்தார். வண்டி வந்தது. நீலப் பிளாஸ்டிக் உடுப்பில் நாலு பேர் இறங்கினார்கள், முகம் தெரியவில்லை. அவ்வளவுதான், ஹெப்ரானுக்குத் தனக்கும் தொற்றிவிடும் என்று பயம் பிடித்துவிட்டது. ஏற்கெனவே சர்க்கரை வியாதி. ஜெபப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாழைத் தோட்டத்துப் பம்புசெட்டு ரூமுக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு வண்டி போகிற சத்தம் கேட்டது. இன்னொன்று வந்து போகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தால் இரண்டு மேடு. எது யார்?

ஐயம்பெருமாளுக்குப் போன் போட்டுக் கேட்டார். "எனக்குக் குழி தோண்டத்தான் தெரியும் அண்ணாச்சி. உள்ள யாரு போனான்னு எங்கிட்ட யாரு சொன்னா?" என்றான். ஹெப்ரான் இரண்டு மேட்டையும் சுற்றிச் சுற்றி வந்தார். ஒன்று கொஞ்சம் நீளமாகத் தெரிந்தது. அருமைநாயகம் ஆறடி, குடைக்காரர் குள்ளம். நீள மேட்டில் அருமைநாயகம் பேர் எழுதிய சிலுவையை நட்டார், மற்றதில் பேர் எழுதாத ஒன்றை நட்டார். ஒரே ஜேசிபி தோண்டுகிற குழி எல்லாம் ஒரே நீளம்தான் இருக்கும் என்பது அந்தக் கூறுகெட்ட மனுசனுக்கு மறுநாள்தான் உறைத்தது.

அதற்குள் பொய் சொல்லியாகிவிட்டது. அன்று சாயங்காலம் தகரத்துக்கு இந்தப் பக்கம் நின்றவரைப் பார்த்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாக்கியவதி, "நின்னியளா அண்ணே?" என்று கேட்டாள். "நின்னேன் தங்கச்சி. ஜெபம் வாசிச்சேன். பாட்டும் பாடுனேன்," என்றார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, "அது போதும்," என்றாள்.

வியாழக்கிழமை காலையில் எப்படியும் சொல்லிவிடுவது என்று ஹெப்ரான் இலைக் கொட்டகைக்குப் போனார். புருசன் போன பிறகு பாக்கியவதி அங்கேதான் வேலை பார்க்கிறாள். வெட்டி வந்த வாழை இலையை நுனி இலை தனியாக, துண்டு இலை தனியாகப் பிரித்து, கிழிந்ததைக் கழித்து, அடுக்கி, நாரால் கட்டிப் போட வேண்டும். வெள்ளத்துக்குத் தப்பிய கன்றுகளில் இப்போதுதான் இலை வந்திருந்தது. கொட்டகை முழுக்கப் பச்சை வாடை. அவள் விரலெல்லாம் கறையேறிக் கறுத்திருந்தது.

"உக்காருங்கண்ணே. கருப்பட்டிக் காப்பி இருக்கு, குடிங்க."

"வேண்டாம் தங்கச்சி. ஒரு விசயம் பேசணும்."

"எனக்கும் பேசணும். இந்தப் பிள்ள கல்லறைல ஏதோ வசனம் எழுதணுங்கா. இங்கிலீசுல எழுதுவோமாங்கா. அவுகளுக்கு இங்கிலீசு எங்க தெரியும்? நீங்கதான் அவுக சேக்காளி. என்ன எழுதுனா அவுகளுக்குப் பிடிக்கும்?"

"பாக்கியம், அந்த மேடு..."

"அந்த மேட்டுல கைய வச்சாலே எனக்கு மனசு ஆறிருதுண்ணே. ஊருல எத்தன பேருக்கு அந்தச் சமயத்துல ஆளே இல்லாமப் போச்சு. குப்பை மாதிரி தள்ளுனாங்கன்னு சொல்லுதாவ. எம் புருசனுக்கு அப்படி இல்ல. ஹெப்ரான் அண்ணன் நின்னாரு, பாட்டுப் பாடுனாருன்னு நான் எல்லாருகிட்டயும் சொல்லுவேன். ராத்திரி உறக்கம் வரலன்னா அதத்தான் நெனச்சுக்கிடுவேன்." ஒரு இலைக்கட்டை இழுத்து இறுக்கினாள். "நீங்க என்னவோ சொல்ல வந்தியளே?"

"ஒண்ணுமில்ல. வெள்ளிக்கெழமக் கஞ்சிக்குக் காணம் எத்தன கிலோ போடணும்னு கேக்க வந்தேன்."

"இத்தன வருசமா போடுதோம், இப்பம் வந்து கேக்கிய. போங்கண்ணே, கோட்டி பிடிச்சிட்டா உங்களுக்கு?" என்று சிரித்தாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஹெப்ரான் தன்னைத் தானே வைதுகொண்டு நடந்தார். சொன்னால் அவளுக்கு இருக்கிற ஒரே ஆறுதலும் போகும். சொல்லாவிட்டால் எவர் எலும்பின் மேலோ அருமைநாயகம் பேரைக் கல்லில் வெட்டுவார்கள். எந்தப் பக்கம் போனாலும் குற்றவாளி அவர்தான். அன்றைக்கு ஐந்து நிமிஷம் நின்றிருந்தால் இது எதுவுமே இல்லை. சவம், ஐந்தே நிமிஷம்.

பெரிய வெள்ளி மூன்று மணி நேர ஆராதனை. வெயில் ஓட்டைப் பொத்துக்கொண்டு இறங்கியது. ஐயர் பிரசங்கத்தில், கூடவே இருந்து சாப்பிட்ட சீஷர்கள், கர்த்தரைச் சேவகர்கள் பிடித்ததும் எப்படிச் சிதறி ஓடினார்கள் என்று சொன்னார். கடைசிப் பெஞ்சில் இருந்த ஹெப்ரான் தலை நிமிரவே இல்லை. பம்புசெட்டு ரூமின் எண்ணெய் வாடை மூக்கில் அடித்தது.

ஆராதனை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கஞ்சியும், கொள்ளு அரைத்த காணத் துவையலும். ஜனம் குடித்துக் கலைந்த பிறகு, அண்டாவைக் கழுவ ஹெப்ரானும் பாக்கியவதியும் மட்டும் மிச்சம். அவள் சிரட்டையால் அடியைச் சுரண்டினாள். அவர் தண்ணீர் ஊற்றினார். எங்கேயோ பார்த்துக்கொண்டு ஊற்றியதில் பாதி அவள் சேலையில் கொட்டியது.

"என்னண்ணே, மேலுக்குச் சரியில்லையா?"

"பாக்கியம், நாளைக்குக் காங்கிரீட்டு போட வேண்டாம்."

"ஏன்?"

"அந்த மேடு அவருதானான்னு எனக்குத் தெரியாது."

அவள் சிரட்டையை நிறுத்தினாள். ஹெப்ரான் வாயைத் திறந்தவர் மூடவில்லை. வண்டி வந்தது, பம்புசெட்டுக்கு ஓடியது, நீள மேடு, சிலுவை நட்டது எல்லாம் கொட்டிவிட்டார். "இதுவாவும் இருக்கலாம், அதுவாவும் இருக்கலாம். குத்துமதிப்பாத்தான் நட்டேன் தங்கச்சி," என்று முடித்தார்.

பாக்கியவதி சிரட்டையை அண்டாவுக்குள் போட்டாள்.

"மேடு மாறுனது கெடக்கட்டும். நீங்க அங்கன நிக்கலியா?"

"நிக்கல."

"பாட்டு?"

"பாடல."

"வேற யாராச்சும்?"

"யாரும் இல்ல, தங்கச்சி."

"யாருமே இல்லியா அவுகளுக்கு?" என்று இன்னொரு தரம் கேட்டாள். அவள் எழுந்து, ஈரக்கையைக்கூடத் துடைக்காமல் வீட்டைப் பார்த்து நடந்தாள். சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்தவருக்கு இப்போதுதான் நிஜமாகவே பாரம் ஏறியது. அவர் பாரத்தை இறக்கி அவள் தலையில் வைத்தாயிற்று.

சனிக்கிழமை காலையில் கல்லறைத் தோட்ட வாசலில் மணலும் ஜல்லியும் வந்து இறங்கியிருந்தது. டெபோரா நின்ற கோலத்தைப் பார்த்ததும் ஹெப்ரான் திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தார். ஓடியது போதும் என்று தோன்றியது, போனார்.

"மாமான்னு கூப்பிட்ட வாய் கூசுது," என்றாள் டெபோரா. "மூணு வருசம்! எங்க அம்ம யாருக்கோ பூ வச்சிட்டு இருந்திருக்கா. நீங்க சாவியோட நின்னு பாத்துட்டு இருந்திருக்கிய. உங்களுக்கு எப்படித் தொண்டைல சோறு இறங்குச்சு?"

"இறங்கல மக்கா," என்றார். அது உண்மை. ஆனால் அதைச் சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது.

"தோண்டிப் பாத்துரணும். கோர்ட்ல ஆர்டர் வாங்கியாவது ரெண்டையும் தோண்டணும். டெஸ்ட் எடுத்தா யாரு என்னன்னு தெரிஞ்சிரும்."

பாக்கியவதி அப்போதுதான் வந்து சேர்ந்தாள். இரவெல்லாம் அழுத முகம். வந்தவள் இசக்கியைப் பார்த்து, "இன்னைக்கு வேலை இல்ல தம்பி. திங்கக்கெழம வாங்க, சொல்லுதேன்," என்றாள்.

"அம்மா, தோண்டித்தான் பாக்கணும்," என்றாள் டெபோரா.

"மூதி, படுத்துக் கெடக்கவுகள மம்பட்டிய வச்சி எழுப்பப் போறியாக்கும்? எழுப்புதவரு எழுப்புவாரு. உனக்கு அதுல என்ன அவசரம்?"

ஹெப்ரான் பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலம் நாலு மணிக்கு மணியடித்தார். இதுதான் கடைசி மணி என்று முடிவு செய்திருந்தார். ஆராதனை முடிந்ததும் ஐயரிடம் எல்லாவற்றையும் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். ஜனங்கள் மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துக்கொண்டு உயிர்த்தெழுதல் பாட்டுப் பாடி வந்தார்கள். சின்னப் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் அம்மாக்களின் முந்தியைப் பிடித்துக்கொண்டு தடுக்கித் தடுக்கி நடந்தன. ஆற்றிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் அவரவர் ஆட்களின் கல்லறைக்குப் பிரிந்து போய்ப் பூ வைத்தார்கள், வர்த்தி ஏற்றினார்கள். "கர்த்தர் உயிர்த்தெழுந்தார்!" என்று ஐயர் சத்தமிட்டார். "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!" என்று எல்லாரும் சொன்னார்கள். ஹெப்ரான் மட்டும் வாசல் தூணோடு ஒட்டி நின்றுகொண்டார்.

பாக்கியவதி இரண்டு மேட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கையில் பிச்சிப்பூப் பந்து அப்படியே இருந்தது.

"ஹெப்ரான் அண்ணே," என்று கூப்பிட்டாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் போனார்.

"குடைக்காரரு பேரு என்ன?"

ஹெப்ரான் வாயைத் திறந்தார். வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் சாக்கை விரித்துக் குடைக்கம்பி மாட்டிக்கொண்டிருப்பார். ஆராதனைக்கு வந்தால் கடைசிப் பெஞ்சில் ஹெப்ரானுக்குப் பக்கத்தில்தான் உட்காருவார், இடது காது கேட்காது. இவ்வளவும் ஞாபகம் வந்தது. பேர் வரவில்லை. மூன்று வருசமாக அருமைநாயகத்துக்குச் செய்த துரோகத்தை நினைத்து நினைத்து வெந்தவருக்கு, அந்த மற்ற ஆளை ஒரு நாளும் நினைக்கத் தோன்றவில்லை என்பது அந்த இடத்தில்தான் தெரிந்தது. அவர் அடக்கத்திலும் கூட நிற்க வேண்டியவர் ஹெப்ரான்தானே?

"தெரியல தங்கச்சி," என்றார்.

"எனக்கும் தெரியல. ஊருல கேட்டுப் பாத்தேன், ஒருத்தருக்கும் தெரியல. எம் பிள்ளைக்குக் கரு தங்காமப் போனத என்னப் பெத்த தாய்கிட்டக்கூடச் சொல்லல. அத இந்த மனுசன்கிட்டச் சொல்லியிருக்கேன். பேரு தெரியாம எப்படி? போயி ரிஜிஸ்தரப் பாத்துட்டு வாங்க. நான் இங்கனயே நிக்கேன்."

ஹெப்ரான் ஓடினார். கோயில் உள்ளறையில் அலமாரியைத் திறந்து அடக்க ரிஜிஸ்தரை எடுத்து அந்த வைகாசிப் பக்கத்தைப் பிரித்தார். அடுத்தடுத்து இரண்டு வரி. பேர், வயது, ஊர். கடைசிக் கட்டத்தில், அடக்கத்தில் உடனிருந்தவர் என்ற இடத்தில், இரண்டு வரிக்கும் நேராக ஒரே கையெழுத்து. அவருடையது. எப்போது போட்டார் என்றே நினைவில்லை. அருமைநாயகத்துக்கு அடுத்த பேரை விரல் வைத்து வாசித்தார். பிறகு ரிஜிஸ்தரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்ப ஓடினார்.

"சுவிசேஷமுத்து," என்றார் மூச்சு வாங்க. "எழுவத்தொரு வயசு. சாயர்புரம் பக்கம்."

பாக்கியவதி குனிந்து, இரண்டு மேட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "சுவிசேஷமுத்து அண்ணாச்சி, நான் பாக்கியவதி," என்றாள், புது அண்டை வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல. "மூணு வருசமா உங்க தலமாட்டுல உக்காந்து தொணதொணன்னு பேசுனது நானாத்தான் இருக்கும். கொழுந்தன வஞ்சதெல்லாம் வெளிய சொல்லிராதிய." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. டெபோரா ஓடிவந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

பாக்கியவதி பூவை இரண்டாகப் பிய்த்து இரண்டு மேட்டிலும் வைத்தாள். "ரெண்டையும் சேத்து ஒரே கல்லறையாக் கட்டச் சொல்லு," என்றாள் மகளிடம்.

"யாரு பேர எந்தப் பக்கம் எழுதச் சொல்ல?"

"எந்தப் பக்கமும் எழுது. எந்திக்கிற அன்னைக்கு அவுகவுக பேரு அவுகளுக்குத் தெரியாமலா போவும்?"

ஹெப்ரான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "என்னய மன்னிச்சிரு தங்கச்சி. இனி இந்த வேலைக்கு எனக்கு யோக்கியதை இல்ல."

"மன்னிக்கதுக்கு நாள் கெடக்கு. இப்பம் என்னால ஏலாது," என்றாள். சாவியை வாங்கவில்லை. "அந்தப் புஸ்தகத்துல கையெழுத்துப் போட்டிருக்கியல்லா? வந்து நில்லுங்க."

"எங்க?"

"இங்கன. ரெண்டு பேருக்கும் நடுவுல. அன்னைக்கு நிக்காதத இன்னைக்கு நில்லுங்க. பாட்டும் பாடுங்க."

ஹெப்ரான் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றார். முதல் அடியில் சத்தமே எழவில்லை. இரண்டாவது அடியில் காற்றுதான் வந்தது. மூன்றாவது அடியில் குரல் உடைந்து, எப்படியோ பாட்டு வந்தது. பாக்கியவதி கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்தது. ஜனங்கள் ஒவ்வொருவராகக் காப்பிக்குக் கலைந்தார்கள். வாழைத் தோட்டத்துக்கு மேலே வெயில் ஏறி, வர்த்திகள் உருகித் தரையோடு ஒட்டின. டெபோராவும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். போகலாம் என்று ஹெப்ரானிடம் யாரும் சொல்லவில்லை. அவர் நின்றார்.